சேறோடு வரும் சடை நாயை உடனே குளிப்பாட்டலாமா?

கேள்வி: காட்பாடியை அடுத்த லத்தேரி பக்கத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் வைக்கிறோம். எங்கள் கோல்டன் ரெட்ரீவர் நாய் சேடை (நடவுக்கு முந்தைய சேற்று உழவு) ஓட்டும்போதெல்லாம் கழனியில் இறங்கிப் புரள்கிறது. தினமும் பம்பு செட்டில் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுகிறோம். அப்படியும் நாற்றம் போகவில்லை, சொறிகிறது, காதுக்குப் பின்னால் முடி கட்டி கட்டியாகிவிட்டது. என்ன செய்வது?

பதில்: தினக் குளியலை இன்றே நிறுத்துங்கள். உங்கள் நாயின் தொல்லையில் பாதி அதனால் வருவதுதான்.

இந்த வகை நாய்க்கு மேல்முடிக்கு அடியில் பஞ்சு போல் இன்னொரு முடி அடுக்கு உண்டு. சேற்றோடு தண்ணீர் ஊற்றினால் நுண்ணிய களிமண் கரைந்து அந்த அடிமுடிக்குள் இறங்கிவிடும். முடிச்சும் நனைந்து காயும்போது இன்னும் இறுகும். மேலே காய்ந்தது போல் தெரிந்தாலும் தோல் ஓரம் ஈரமாகவே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். அந்த ஈரத்தில்தான் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகி நாற்றமும் அரிப்பும் வருகின்றன. நாம் போடும் சோப்பு நாய்த் தோலுக்கு ஒத்துவராது, எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும்.

கழனியிலிருந்து வந்ததும் நிழலில் சாக்கு விரித்துக் கட்டுங்கள். சேறு நன்றாகக் காயட்டும். பிறகு கையால் கசக்கினாலே பெரும்பகுதி மண்ணாக உதிரும். மிச்சத்தைக் கம்பிப் பிரஷ்ஷால், முடியை அடுக்கடுக்காகப் பிரித்து வாருங்கள். மேலாக மட்டும் வாரினால் பளபளப்பாகத் தெரியும், அடியில் முடிச்சு அப்படியே இருக்கும். கடைசியில் அகலப்பல் சீப்பு தடையில்லாமல் போக வேண்டும். அக்குள், தொடையின் பின்புறம், வாலடி ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். வாரும்போதே காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா பாருங்கள். நாய்க்கு ரத்தத்தில் வரும் கடுமையான காய்ச்சல்கள் பல உண்ணியால் பரவுகின்றன. கால்களை மட்டும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினால் போதும்.

குளியல் மாதம் ஒருமுறை போதும். குளிப்பாட்டும் முன் முடிச்சுகளை எடுத்துவிடுங்கள். நாய்க்கான ஷாம்பு போட்டு, நுரை முழுக்கப் போகும்வரை அலசி, காலை வெயிலிலேயே உலர்த்திவிடுங்கள். ஃபினாயில் கலந்து ஊற்றுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. அது விஷம், வேண்டவே வேண்டாம். முதுகில் விடும் உண்ணி சொட்டு மருந்து போட்டால், முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டாதீர்கள்.

ஒன்றில் மட்டும் காத்திருக்கக் கூடாது. பூச்சிமருந்து அடித்த கழனியில் புரண்டிருந்தால் உடனே கழுவ வேண்டும், நக்க விடாதீர்கள். நீங்களும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வாயில் நீர் வடிதல், நடுக்கம், வாந்தி தெரிந்தால் மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

கோடையில் நாற்பது டிகிரி வெயில் அடிக்கிறதே என்று மொட்டை அடித்துவிடாதீர்கள். தோல் வெயிலில் வெந்துவிடும், முடி பழையபடி வளராமலும் போகலாம். வயிற்றடி முடியைக் குறைத்தால் போதும்.

எலி நடமாடும் கழனித் தண்ணீரில் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு, அது மனிதருக்கும் தொற்றும். நாய்க்கு ஆண்டுதோறும் அதற்கான தடுப்பூசி போடுங்கள்.

இப்போது இருக்கும் முடிக் கட்டிகளைக் கத்தரியால் நேராக வெட்டாதீர்கள். தோலும் சேர்ந்து வந்துவிடும். தோலுக்கும் கட்டிக்கும் நடுவே சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலே வெட்டுங்கள். அடியில் தோல் சிவந்தோ கசிந்தோ இருந்தால் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். அவர்கள் சொல்லும் மருந்து ஷாம்புவை, சொல்லும் இடைவெளியில் மட்டும் போடுங்கள்.