கல்லாவில் யார், பத்திரத்தில் யார்?

கேள்வி: நியூயார்க்கில் வேலை பார்க்கும் மகளிடம் அடுத்த மாதம் போகிறேன். ஹார்லெமில் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான உணவகம், காபிக் கடை, மதுக்கூடம் என்று தேடித்தேடி அழைத்துப் போவாளாம், பட்டியல்கூடத் தயார். முதலாளியின் நிறத்தைப் பார்த்துச் சாப்பிடப் போவதும் சாதி பார்ப்பது போலத்தானே? (கே.எஸ்., தென்காசி)

பதில்: இல்லை. உள்ளே யார் வரலாம், வந்தவர் எந்த வரிசையில் உட்காரலாம் என்று வாசலிலேயே தீர்ப்புச் சொல்வதற்குப் பெயர்தான் சாதி பார்ப்பது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன் பெரியார் மறியலைத் தொடங்கியபோது, அந்தக் கடையின் முதலாளி இன்னார் என்று ஊருக்குத் தெரிவதில் அவருக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல், அந்த வழியாக நடந்து போகிற மற்ற எல்லோரையும் ஒரு படி கீழே இறக்கி வைத்தது என்பதே அவருடைய வழக்கு. உங்கள் மகளின் பட்டியல் யாரையும் இறக்கவில்லை. இந்தக் கடைக்குப் போகலாம் என்று மட்டும் சொல்கிறது.

இந்தப் பட்டியலுக்கு ஒரு பாட்டனும் உண்டு. நியூயார்க்கின் கறுப்பினக் குடியிருப்பாகப் பெயர்பெற்ற ஹார்லெமில் குடியிருந்த விக்டர் ஹியூகோ கிரீன் என்ற கறுப்பினத் தபால்காரர், தம் மக்கள் பயணம் போகும்போது எந்த உணவகத்தில் சோறு கிடைக்கும், எந்த விடுதியில் இடம் கிடைக்கும், எங்கே போனால் அடி விழாமல் திரும்பலாம் என்று தொகுத்து 1936-இல் ஒரு கையேட்டை வெளியிட்டார். முதல் பதிப்பு நியூயார்க் வட்டாரத்துக்கு மட்டுமானது. பின்னர் அது நாடு முழுவதற்குமாக விரிந்து, பெட்ரோல் நிலையங்களில்கூட விற்கப்பட்டது. இந்தக் கையேடு தேவைப்படாத நாள் ஒன்று வரும் என்று அந்தக் கையேட்டிலேயே அவர் எழுதி வைத்தார். பொது உணவகங்களில் நிறம் பார்த்து வாசலை அடைக்கக் கூடாது என்ற சட்டம் 1964-இல் வந்தது. அதற்குள் கிரீன் காலமாகிவிட்டார். ஓரிரு ஆண்டுகளில் கையேடும் நின்றுபோனது. அன்றைய பட்டியல் உயிர் பிழைப்பதற்கு, இன்றைய பட்டியல் விருப்பத்துக்கு. இரண்டிலும் முதலில் நிறம் பார்த்தவர் யார் என்பதை மறந்துவிட்டு, கடைசியில் பார்த்தவரிடம் மட்டும் விளக்கம் கேட்பது நியாயமாகப் படவில்லை.

உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்து நிறுத்தியது ‘நிறம்’ அன்று, ‘சொந்தமான’ என்ற சொல். உணவகங்களைப் பற்றி எழுதுவோருடன், நம் இதழின் சாப்பாட்டுப் பக்கத்தை எழுதும் அன்பரையும் சேர்த்துத்தான், எனக்கு நெடுநாளாக ஒரு சண்டை நடந்து வருகிறது. விளக்கின் நிறம், கரண்டியின் வளைவு, சமையற்காரரின் பாட்டி என எல்லாவற்றையும் எழுதுவார்கள். கடை யாருடையது, அந்தக் கட்டிடம் யாருடையது என்று மட்டும் கேட்க மாட்டார்கள். கேட்டிருந்தால் ஹார்லெமின் சரித்திரம் பாதிக்குமேல் தெரிந்திருக்கும்.

காட்டன் கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் உலகப் பட்டம் வென்ற முதல் கறுப்பின வீரரான ஜாக் ஜான்சன், 1920-இல் லெனாக்ஸ் அவென்யூவும் 142-ஆம் தெருவும் சேரும் முனையில் ஒரு கேளிக்கை விடுதியை நடத்தினார். அமெரிக்காவின் மதுவிலக்குக் காலத்துக் கள்ளச் சாராயப் பெரும்புள்ளியான ஓனி மேடன் 1923-இல் அதைத் தன் கைக்குக் கொண்டுவந்து, பெயரையும் காட்டன் கிளப் என்று மாற்றினார். அதன் பிறகு மேடையில் ஆடியவர், பாடியவர், வாசித்தவர், மேசைக்கு மேசை பரிமாறியவர் எல்லோரும் கறுப்பினத்தவர். உட்கார்ந்து ரசித்தவர் வெள்ளையர். 1927 முதல் அங்கே ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் வாசித்தார். அவருடைய உறவினர்கள் ஆசைப்பட்டு வந்திருந்தாலும் நாற்காலி கிடைத்திருக்காது. அதே காலத்தில், சில தெருக்கள் தள்ளி, ஏழாவது அவென்யூவின் ஒரு நிலத்தடித் தளத்தில் எட் ஸ்மால்ஸ் என்ற கறுப்பினத்தவர் 1925-இல் ‘ஸ்மால்ஸ் பாரடைஸ்’ திறந்தார். அங்கே எல்லா நிறத்தவருக்கும் இடம் இருந்தது. பரிமாறுபவர்கள் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சார்ல்ஸ்டன் நடனமாடியபடி வருவார்களாம். அதே ஊர், அதே வகை இசை, அதே கள்ளச் சாராயம். கல்லாவில் உட்கார்ந்தவர் மாறினார், நாற்காலியில் உட்கார்ந்தவரும் மாறினார். பிற்காலத்தில் மால்கம் எக்ஸ் என்ற கறுப்பினத் தலைவராக உலகம் அறிந்தவர் அந்த ஸ்மால்ஸில்தான் இளவயதில் கொஞ்ச காலம் பரிமாறுபவராக வேலை பார்த்தார்.

முதலாளி கறுப்பினத்தவராக இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வருவதாக நினைத்துவிட வேண்டாம். தாமஸ் டவுனிங் என்றொருவர், விடுதலை பெற்ற கறுப்பினப் பெற்றோருக்கு வர்ஜீனியாவில் பிறந்தவர், 1825-இல் நியூயார்க்கின் பிராட் தெருவில் சிப்பி உணவகம் ஒன்றைத் தொடங்கினார். வங்கிக்காரர்களும் அரசியல்வாதிகளும் அங்கே வரிசை கட்டினார்கள். அவர் அனுப்பிய சிப்பிகளைச் சுவைத்துவிட்டு விக்டோரியா மகாராணியே ஒரு கடிகாரத்தைப் பரிசாக அனுப்பினார். 1866-இல் டவுனிங் இறந்தபோது நகரத்தின் வணிகர் சங்கம் ஒரு நாள் கதவடைத்து மரியாதை செலுத்தியது. ஆனால், ஊர் வழக்கப்படி அவருடைய மேசைகளில் உட்கார்ந்தவர்கள் வெள்ளையர் மட்டுமே. அதே கட்டிடத்தின் நிலவறையில், அடிமை முறை இருந்த தெற்கு மாநிலங்களிலிருந்து தப்பி ஓடிவந்தவர்களை அவர் ஒளித்து வைத்திருந்தார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மேலே சிப்பி தின்றுகொண்டிருந்த சில கனவான்களுக்குக் கீழே இருந்தவர்களைப் பிடித்துக் கொடுப்பது சட்டப்படியான கடமை என்று தோன்றியிருக்கும்.

இனி பத்திரத்துக்கு வருவோம், ஏனென்றால் கல்லாவைவிடப் பத்திரம் பெரியது. 1930-களில் வீட்டுக்கடன் தருவதற்காக மத்திய அரசு நிறுவனம் ஒன்று நகர வரைபடங்களுக்கு வண்ணம் தீட்டியபோது, ஹார்லெமுக்குச் சிவப்பு பூசியது. சிவப்பு என்றால் கடன் கொடுத்தால் திரும்பாது என்று பொருள். அதே பத்தாண்டில் 125-ஆம் தெருவின் பெரிய கடைகளில் கறுப்பினத்தவர் பணம் கொடுத்து வாங்கலாம், விற்பனையாளராக மட்டும் நிற்க முடியாது. 1934-இல் ‘உனக்கு வேலை தராத கடையில் வாங்காதே’ என்ற புறக்கணிப்புப் போராட்டத்துக்குப் பிறகுதான் புளும்ஸ்டைன் கடை இறங்கி வந்தது. வங்கிக் கதவு சாத்தியிருக்கும்போது கடை வைக்கும் பணம் எங்கிருந்து வரும்? சில்வியா உட்ஸ் விஷயத்தில் அவருடைய தாயாரிடமிருந்து வந்தது. தென் கரோலினாவிலிருந்து வந்து ஹார்லெமில் ஒரு சிற்றுண்டிக் கடையில் பரிமாறிக்கொண்டிருந்த சில்வியா, 1962-இல் அந்தக் கடையையே விலைக்கு வாங்கினார். ஊரிலிருந்த பண்ணை நிலத்தை அடமானம் வைத்துத் தாயார் பணம் கொடுத்தார். அந்த ‘சில்வியாஸ்’ இன்று உலகம் முழுவதிலிருந்தும் ஆள் வரும் இடம். அவருக்கும் மூத்தவர் ‘பிக் ஃபுட் மேரி’ (பன்றிக்கால் மேரி) என்று அழைக்கப்பட்ட லில்லியன் ஹாரிஸ். 5 டாலர் சேமிப்பில் ஒரு பழைய குழந்தை வண்டியையும் துணி வெளுக்கும் அண்டாவையும் வாங்கி, பன்றிக் கால்களை வேகவைத்துத் தெருவில் விற்றவர். அந்த வருமானத்தை மண்ணிலும் செங்கல்லிலும் போட்டு, 1917-இல் ஹார்லெமில் 42,000 டாலருக்கு ஒரு குடியிருப்புக் கட்டிடத்தை வாங்கினார். பொருளாதாரப் பேராசிரியர்கள் மூன்று தொகுதிகளில் சொல்வதை அந்த அம்மாள் ஓர் அண்டாவில் முடித்துவிட்டார்.

கட்டிடம் கையில் இல்லாதவர்களின் கதை வேறு. ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே பாடிய லெனாக்ஸ் லவுஞ்ச் என்ற மதுக்கூடம், கறுப்பின உரிமையாளர் ஒருவரின் கையில் கால் நூற்றாண்டு நடந்தபின், வாடகை ஏற்றம் தாங்காமல் 2012-ஆம் ஆண்டின் கடைசி இரவோடு மூடப்பட்டது. சில ஆண்டுகளில் கட்டிடத்தையும் இடித்துவிட்டார்கள். வரிக்குதிரைத் தோல் போலச் சுவருக்கு அலங்காரம் செய்திருந்தார்கள் என்று நம் சாப்பாட்டுப் பக்க அன்பர் எழுதுவார். எழுதட்டும். வாடகை ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு என்று ஒரு வரி சேர்த்திருந்தால் என் இரத்த அழுத்தம் குறைந்திருக்கும்.

நீங்கள் சைவமா அசைவமா என்று எழுதவில்லை. தென்காசியிலிருந்து மகள் வீட்டுக்குப் போகிறவர் பெட்டியில் பாதியைப் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் அடைத்துக்கொண்டிருக்கும் என்று ஊகிக்கிறேன். எடை கூடிவிட்டது என்று விமான நிலையத்தில் சட்டையை எடுத்து வெளியே வைப்பார்களே தவிர, பொடியை வைக்க மாட்டார்கள். சைவர் என்றால் ஓர் எச்சரிக்கை. அமெரிக்கத் தெற்கிலிருந்து ஹார்லெமுக்கு வந்த ‘சோல் ஃபுட்’ சமையலில் கொலார்ட் என்றொரு கீரை பிரசித்தம். கீரைதானே என்று தைரியமாகக் கேட்டு வாங்கி, தேவாமிர்தம் என்று பாராட்டிவிட்டு, அடியில் கிடக்கும் பன்றி எலும்பைப் பார்த்துப் பேச்சிழந்த பெரியவர்கள் உண்டு. புகையூட்டிய பன்றிக் கணுக்காலோ வான்கோழித் துண்டோ சேர்த்துத்தான் அதை மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். பயறுக்கும் பல இடங்களில் இதே கதி. முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பயறு என்றது நம் காராமணியைத்தான். அது மேற்கு ஆப்பிரிக்காவில் பயிராக்கப்பட்டு நமக்கும் வந்தது, அடிமைக் கப்பல்களோடு அமெரிக்காவுக்கும் போனது. அரிசியோடு சேர்த்து அதைப் புத்தாண்டு தினத்தில் உண்பது அவர்கள் வழக்கம். கரோலினா நிலத்தில் நெல் விளைந்ததும், அதை விளைவிக்கத் தெரிந்த ஆப்பிரிக்கக் கைகளை விலை கொடுத்து வாங்கி இறக்கியதால்தான். அசைவர் என்றால் உங்களுக்குக் கவலையே இல்லை: பொரித்த கோழியும் வாஃபிளும் ஒரே தட்டில் வரும். 1938-இல் திறந்த வெல்ஸ் என்ற ஹார்லெம் உணவகம் அதற்குப் பெயர் பெற்றது. கச்சேரி முடித்துவிட்டு இராச் சாப்பாட்டுக்குப் பிந்தி, காலைச் சிற்றுண்டிக்கு முந்தி வந்து நின்ற இசைக்கலைஞர்களுக்கு இரண்டையும் சேர்த்துப் போட்டார்கள்.

மகளின் பட்டியலில் ஒரே ஒரு குறை இருக்கக்கூடும். கறுப்பினத்தவர் என்பதை அவர் ஒற்றை அடுக்களையாக நினைத்துவிடக் கூடாது. 116-ஆம் தெருவில் செனகல் நாட்டவர் மீனும் அரிசியும் சேர்த்துச் சமைக்கும் செபு ஜென்னைச் சாப்பிடலாம். லெனாக்ஸ் அவென்யூவில் 2010-இல் ‘ரெட் ரூஸ்டர்’ திறந்த மார்கஸ் சாமுவேல்சன் எத்தியோப்பியாவில் பிறந்து சுவீடனில் வளர்ந்தவர். புரூக்ளினில் டிரினிடாட் கடைக்குப் போனால் ரொட்டியும், வடை போன்ற மாவுக்கிடையில் கொண்டைக்கடலை வைத்த ‘டபிள்ஸ்’ஸும் கிடைக்கும், 1845 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாக இந்தியாவிலிருந்து ஏற்றப்பட்டவர்கள், சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள் உட்பட, விட்டுச்சென்ற கைவேலை அது. அங்கே கல்லாவில் இருப்பவர் எந்த இனம் என்று கேட்டால் அவரே சற்று யோசித்துத்தான் பதில் சொல்வார். காபிக் கடையைப் பற்றி நான் தனியே சொல்ல என்ன இருக்கிறது? காபிச் செடியே எத்தியோப்பியாவிலிருந்து வந்தது. கும்பகோணத்துக்காரர்கள் என்மீது கோபப்படலாம். மதுக்கூடத்துக்கு நீங்கள் போவீர்களா என்பது உங்களுக்கும் மகளுக்கும் இடையிலுள்ள விவகாரம்.

இரக்கப்பட்டு மட்டும் போகாதீர்கள். சுவை சரியில்லையென்றால் சரியில்லை என்று சொல்லுங்கள். பணம் கொடுக்கிற விருந்தாளியின் உரிமை அது, முதலாளிக்கும் அதுவே மரியாதை. சில்வியாஸுக்கு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் போக வேண்டாம். சுற்றுலாப் பேருந்துக் கூட்டத்தில் பாதி நேரம் வாசலில் போய்விடும், வார நாளில் போங்கள். பில்லில் 20 சதவீதம் டிப்ஸ் வையுங்கள். அந்த ஊரில் பரிமாறுபவரின் வருமானத்தில் கணிசமான பகுதி அதிலிருந்துதான் வருகிறது. ரூபாயில் பெருக்கிப் பார்த்து மகளிடம் பேரம் பேசாதீர்கள். திரும்பி வந்ததும் எனக்கு எழுதுங்கள்: என்ன சாப்பிட்டீர்கள் என்றல்ல, கட்டிடம் யாருடையது என்று விசாரித்து.