மனையும் மன்றும் – ஒரு வாசகிக்குப் பதில்

வணக்கம் அக்கா,

யாழ்ப்பாணம், கோண்டாவிலிலிருந்து எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். ஒரு வருடமாக ஆங்கில இளையோர் நாவல்களைத் தேடித் தேடி வாசிக்கிறேன். சின்ன வயதுச் சினேகிதியே ஒரு பிள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கிற கதைகள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. எனக்கும் அப்படி ஒருத்தி இருந்தாள். இப்போது நானே ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்பில் தொடங்கி பதினோராம் ஆண்டு ஓ.எல். பரீட்சை வரை வரும் இரண்டு பெண்பிள்ளைகளின் கதை. ஐந்து அத்தியாயம் முடிந்தது, முதலாவதை இணைத்திருக்கிறேன்.

மூன்று கேள்விகள். தமிழில் இளையோர் நாவல் என்று ஒரு வகை உண்டா? 'டொக்சிக்' என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் என்ன? முடிவில் இருவரையும் சேர்த்து வைக்கலாமா? வாசித்த ஒருவர், சேர்த்து வைத்தால்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்கிறார். இன்னொருவர், "இவ்வளவு நடந்த மண்ணில் இதெல்லாம் ஒரு துன்பமா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எழுத மனம் வரவில்லை.

*

அன்புள்ள தங்கைக்கு,

உமது கடிதம் வந்து பத்து நாளாகிறது. கடைசி வரியை வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு எழுதினால் ஏச்சு உமக்குத்தான் விழும் என்று ஆறப்போட்டேன். இன்னும் ஆறவில்லை. சரி, எழுதிவிடுகிறேன்.

முதல் கேள்வியை விடும். வகை உண்டா இல்லையா என்பதைப் புத்தகம் போடுகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி சாப்பிடக் கூப்பிட்டும் எழும்பாமல் வாசித்தால் அது இளையோர் நாவல்.

சொல்லுக்கு வருகிறேன். திருக்குறளில் 79ஆம் அதிகாரத்திலிருந்து 83 வரை ஐந்தும் நட்பைப் பற்றியவை: நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு. ஐந்தில் இரண்டு கெட்ட நட்புக்கு. எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் 'உடுக்கை இழந்தவன் கை'யைப் பாடமாக்கித் தந்தார்கள். தீ நட்பின் பக்கம் யாரும் கூட்டிப்போகவில்லை. அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள், 820, இது:

எனைத்தும் குறுகுதல் ஓம்பல் மனைக்கெழீஇ
மன்றில் பழிப்பார் தொடர்பு.

வீட்டுக்குள் ஒட்டி உறவாடிவிட்டு, நாலு பேர் கூடுகிற இடத்தில் பழிக்கிறவரைக் கொஞ்சமும் கிட்ட அண்டவிடாதே என்கிறார். மனை, மன்று. உமது நாவல் முழுக்க இந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கிறது. 'டொக்சிக்' என்றால் அவள் நஞ்சு, கதை முடிந்தது. வள்ளுவர் அவள் எங்கே இனிக்கிறாள், எங்கே கொட்டுகிறாள் என்று இடம் காட்டுகிறார். எழுதுகிறவளுக்கு அதுதான் வேண்டும்.

இதற்கு முந்திய அதிகாரமான பழைமையில் இன்னொரு குறள் உண்டு, 805. நண்பர் நோகச் செய்தால், ஒன்றில் அறியாமை, இல்லாவிட்டால் மிகுந்த உரிமை என்று எடுத்துக்கொள் என்கிறது. எங்கள் வீடுகளில் பெரியவர்கள் பிள்ளைக்குச் சொல்வதெல்லாம் இந்தப் பாதிதான். "அவள் உரிமையிலதானே செய்தவள், உதுக்கேன் அழுகிறாய்?" வளர்ந்த இருவருக்கு அது சரியாக இருக்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு எது உரிமை, எது வதை என்று எப்படித் தெரியும்? அதனால்தான் அடுத்த அதிகாரம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். பக்கத்தைப் புரட்டாமல் விட்டது நாங்கள்.

எனக்கு இருந்தவளைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். எங்கள் ஒழுங்கை முடக்கில் அவள் வீடு. 1992, எனக்குப் பத்து வயது. பொருளாதாரத் தடைக் காலம், மின்சாரம் கிடையாது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, துளி மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்திய விளக்கில் இரண்டு பேரும் படிப்போம். அம்மாவை மாமி, மாமி என்பாள். ஒரே கோப்பையில் பிட்டுத் தின்போம். எனக்குக் காய்ச்சல் வந்தால் தன் கொப்பியை மூடி வைத்துவிட்டு என் கொப்பியில் பாடம் எழுதித் தருவாள், என் கையெழுத்து மாதிரியே. "இப்படி ஒருத்தி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கோணும்" என்பார் அம்மா.

பள்ளிக்கூடத்தில் அவள் வேறு. இடைவேளைக்கு நான் மாங்காய் கொண்டுபோவேன். வெட்டின துண்டுகளைக் கொப்பித் தாளில் சுற்றி, உப்பும் மிளகாய்த்தூளும் ஒரு மூலையில் முடிந்திருக்கும். அவள் அதை வாங்கி, வட்டமாக நிற்கிறவர்களின் உள்ளங்கையில் ஒவ்வொரு துண்டாக வைத்துக்கொண்டு வருவாள். என் முறை வந்ததும் தாளை என் கையில் வைப்பாள். ஈரத்தில் ஊறின வெறும் தாள். மை கரைந்து, மிளகாய்த்தூள் சிவப்பாய் ஒட்டியிருக்கும். "நக்கடி." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு கன்னத்தைக் கிள்ளி, "பகிடிக்கடி" என்பாள். பின்னேரம் பிட்டுச் சாப்பிட வருவாள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சில நாள் அந்தத் தாள் வேறொரு பிள்ளையின் கையில் விழும். அந்த நாட்களில் எல்லோரையும் விடப் பலமாகச் சிரித்தது நான்.

இனி உமக்கு ஏச்சு. அனுப்பிய அத்தியாயத்தில் அந்தச் சினேகிதிக்கு முதல் பக்கத்திலேயே கள்ளச் சிரிப்பு. இரண்டாம் பக்கத்தில் ஒரு பூனைக்குட்டிக்குக் கல்லெறிகிறாள். ஏன்? வாசிக்கிற பிள்ளை அந்த இடத்திலேயே தப்பிவிடுவாள். "என்ர ஆள் பூனைக்குக் கல்லெறிகிறவள் இல்லை, அப்ப இது என்ர கதை இல்லை" என்று புத்தகத்தை மூடிவிடுவாள். யாருக்காக எழுதுகிறீரோ, அவளையே வாசலில் நிறுத்துகிறீர். அவளை நல்லவளாக எழுதும். கெட்டிக்காரியாக, பகிடி விடத் தெரிந்தவளாக, காய்ச்சல் பிள்ளைக்குப் பாடம் எழுதிக் கொடுக்கிறவளாக எழுதும். அவள் வந்தால் அறைக்கு வெளிச்சம் வரவேண்டும். அவளோடு கதைக்காமல் போன ஒரு கிழமை, அந்தப் பிள்ளைக்கு ஒரு வருடமாகத் தெரியவேண்டும். ஏன் விட்டுப் போகவில்லை என்று பிள்ளையைக் கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்கு மறுமொழி அவளுடைய நல்ல பக்கத்தில்தான் இருக்கிறது. அதை நீர் எழுதாவிட்டால் உமது கதாநாயகி வெறும் பேதையாகத் தெரிவாள். நீர் பேதையாகவா இருந்தீர்? நீர் அவளில் உயிராக இருந்தீர். எழுதக் கூச்சமாக இருப்பது அதுதான் என்று எனக்குத் தெரியும். கூச்சமாக இருந்தாலும் எழுதும்.

அந்தத் 'துன்பமா' என்ற கேள்விக்கு வருகிறேன்.

1995 ஒக்டோபர் 30. சண்டை நெருங்கி வர, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுக்க ஊரைவிட்டு வெளிக்கிட்ட இரவு. செம்மணி வெளியில், நாவற்குழிப் பாலத்துக்கு இப்பால், சனத்துக்குள் நெருக்குப்பட்டு மணிக்கணக்காக நின்றோம். கொட்டுகிற மழை, ஆனால் குடிக்கத் தண்ணீர் இல்லை. அங்கங்கே குடையை மல்லாத்திப் பிடித்து மழைத்தண்ணீர் ஏந்தினார்கள். அவளும் தன் குடையை மல்லாத்தினாள். கறுப்புச் சீலைக்குள் இரண்டு சிரங்கை தண்ணீர் சேர நேரமெடுத்தது. பக்கத்தில் அவள் தம்பி அழுதுகொண்டு நிற்கிறான். "முதல் நீ குடி" என்று என் வாயில் சரித்தாள். சீலை மணத்தோடு அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கியது.

சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். மாற்று உடுப்பு எனக்கு ஒன்றும் இல்லை. வெளிக்கிட்ட அவசரத்தில் அந்தப் பை வீட்டிலேயே நின்றுவிட்டது. போட்டதையே இரவில் அலசி, ஈரத்தோடு போட்டுக்கொண்டு படுத்தேன். ஓர் இரவு அதை அவளுக்கு மட்டும், காதுக்குள் சொன்னேன். விடியக் கிணற்றடியில் நீட்டு வரிசை, எங்கள் வயதுப் பெட்டைகள் எல்லோரும் வாளியோடு நிற்கிறார்கள். "இவளுக்குக் கிட்டப் போகாதேங்கோ, மாத்த ஒண்டுமில்லை, மணக்கும்" என்றாள். சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அவள் வந்து கன்னத்தைக் கிள்ளினாள்.

போர் ஒரு பக்கம், இது ஒரு பக்கம் என்று பிரித்து வைக்க எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே கிணற்றடியில் நடந்தன. எங்கள் ஊரில் எந்த நோவைச் சொன்னாலும் அதை 1995க்குப் பக்கத்திலோ 2009க்குப் பக்கத்திலோ நிறுத்தி, 'இது சின்னன்' என்று சொல்லிவிடுகிறோம். பிள்ளை அதைக் கேட்டு வாயை மூடிக்கொள்கிறது. அப்படிச் சொன்ன ஒருவருக்காக ஐந்து அத்தியாயத்தையும் மூடி வைத்தீரா? வெட்கமாக இல்லையா தங்கை? நாளைக்கே திறவும்.

சேர்த்து வைப்பதா என்று கேட்டீர். கனடிய எழுத்தாளர் மார்கரெட் அட்வுட்டின் 'கேட்ஸ் ஐ' 1988இல் வந்தது. பெரியவர்களுக்கான நாவல்தான், இருந்தாலும் வாசியும். அதில் சினேகிதிகள் ஒரு சிறுமியின் தொப்பியைப் பாலத்துக்குக் கீழே பள்ளத்தில் எறிந்து, போய் எடு என்கிறார்கள். ஓடையின் பனிக்கட்டி உடைந்து அவள் தண்ணீருக்குள் விழ, விட்டுவிட்டுப் போகிறார்கள். மேல் வகுப்புக்கு வரும்போது நிலைமை மாறி, இவள் அந்தச் சினேகிதிகளில் முன்னுக்கு நின்றவளை வார்த்தையால் குத்துகிறாள். நடுவயதில், தன் ஓவியக் கண்காட்சிக்காக ஊர் திரும்பி, அவள் வருவாள் வருவாள் என்று வாசலைப் பார்க்கிறாள். அவள் வரவேயில்லை.

என்னுடையவள் வந்தாள், தொலைபேசியில். கனடாவிலிருந்து எடுத்தாள், ஆறேழு வருடமாகிறது. "குடைத் தண்ணி குடிச்சது ஞாபகம் இருக்கோடி?" என்று கேட்டு அழுதாள். ஓம் என்றேன். நானும் அழுதேன். பிறகு, கிணற்றடி ஞாபகம் இருக்கோ என்று கேட்டேன்.

"எந்தக் கிணத்தடி?"

உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். அந்தக் குரலை எனக்குத் தெரியும். ஒன்றுமில்லை என்றேன். அம்மாவைக் கேட்டாள், கொடுத்தேன். ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். அடுத்த மாதம் ஊருக்கு வந்த ஒருவரிடம் மாமிக்கு என்று ஒரு கம்பளிச் சட்டை கொடுத்துவிட்டிருந்தாள், சாம்பல் நிறம். மார்கழி விடியலில் பூப்பிடுங்கப் போகும்போது அம்மா அதைத்தான் போட்டுக்கொள்கிறார்.

அன்புடன்,
அக்கா