மல்ச்சர் வாங்கும் முன் லோடரைப் பாருங்கள்

கேள்வி: எங்களிடம் டயர் வைத்த பாப்கேட் லோடர் (முன்னால் கருவி மாட்டி ஓட்டும் சிறிய வண்டி) ஒன்று இருக்கிறது. பரமக்குடி பக்கம் 12 ஏக்கர் தரிசு, முழுக்கச் சீமைக்கருவேலம். பழைய டிரம் மல்ச்சர் ஒன்று விலைக்கு வருகிறது. அதை லோடரில் மாட்டினால் மரத்தையெல்லாம் தூளாக்கிவிடலாம் என்கிறார்கள். வாங்கலாமா ஐயா?

பதில்: இப்போதைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். முதலில் உங்கள் லோடரின் கையேட்டை எடுத்து இரண்டு எண்களைப் பாருங்கள்.

ஒன்று, அட்டாச்மென்டுக்கு, அதாவது லோடரில் மாட்டும் கருவிக்குப் போகும் ஹைட்ராலிக் ஆயில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது. சாதாரண ஃப்ளோ உள்ள நடுத்தர லோடர்களில் இது 60 முதல் 85 லிட்டர் வரை இருக்கும். டிரம் மல்ச்சர்களில் பெரும்பாலானவை 100 லிட்டருக்கு மேல் கேட்கும். அது கிடைக்காவிட்டால் டிரம் சுற்றும், ஆனால் கட்டையில் பட்டதும் நின்றுவிடும். ஆயில் கொதிக்கும், வேலை நகராது. பட்டறையில் என்னிடம் வரும் மல்ச்சர் புகார்களில் பாதிக்கு இதுதான் காரணம்.

இரண்டாவது, லோடர் தூக்கக்கூடிய எடை. டயர் லோடருக்கு, அது முன்பக்கம் கவிழும் எடையில் பாதியைத்தான் பாதுகாப்பான அளவாக எழுதியிருப்பார்கள். டிரம் மல்ச்சர் சுமார் ஒரு டன் இருக்கும். உங்கள் லோடருக்கு 800 கிலோதான் என்றால் பேச்சே வேண்டாம். வாய்க்கால் கரையில் ஏறும்போது பின்சக்கரம் தூக்கிவிடும்.

இரண்டு எண்ணும் ஒத்துவந்தால், மல்ச்சரில் மூன்றாவதாக ஒரு மெல்லிய ஹோஸ் இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டாருக்குள் கசியும் ஆயில் டேங்குக்குத் திரும்பும் வழி அது. பழைய மல்ச்சர் விற்பவர்கள் சிலர் அதை அடைத்துவைத்து ஓட்டிக் காட்டுவார்கள். அப்படி ஓட்டினால் மோட்டாரின் சீல் பிதுங்கிவிடும். அந்தச் செலவு வாங்கியவர் தலையில்தான்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் அரைத்தால் அது சாகாது. தூரிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். மண்ணுக்குள் ஒரு அடி ஆழம் வரையாவது தூரைப் பறித்தாக வேண்டும். அதற்குப் பெரிய பொக்லைனை வாடகைக்கு எடுங்கள். மழை முடிந்து மண்ணில் ஈரம் இருக்கும் தை, மாசியில் தூர் சுலபமாக வரும். ஐப்பசி, கார்த்திகையில் கரிசலில் லோடரை இறக்காதீர்கள், புதைந்துவிடும். பறித்த கட்டையைக் கரிமூட்டம் போடுபவர்கள் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். அதைத் தூளாக்குவது கையிலிருக்கும் பணத்தை அரைப்பது. உங்கள் லோடரில் கட்டையைக் கவ்விப் பிடிக்கும் கிராப்பிள் மாட்டி, கட்டையை ஓரத்தில் குவிக்கவும் வேர்த்துண்டுகளைப் பொறுக்கவும் பயன்படுத்துங்கள். அடுத்த மழைக்கு விதையிலிருந்து முளைக்கும் கன்றுகளைக் கையால் பிடுங்கலாம். ஆடு, மாடு நெற்றைத் தின்று விதையைச் சாணத்தோடு போட்டுக்கொண்டேதான் இருக்கும், அதனால் இரண்டு மூன்று வருடம் விடாமல் பார்க்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் மகளிர் குழுவாக லோடரும் புதர் வெட்டும் பிரஷ் கட்டரும் வாங்கி வாடகைக்கு விடுகிறோம். ஊர் ஊராக லாரியில் ஏற்றும்போது ஒவ்வொரு தடவையும் பயமாக இருக்கிறது. எப்படி ஏற்றுவது அண்ணே?

பதில்: பயம் நியாயமானது அம்மா. வயலில் நடப்பதைவிட ஏற்றி இறக்கும்போதுதான் லோடர்கள் அதிகம் கவிழ்வதை நான் பார்க்கிறேன்.

கனமான பக்கம் எப்போதும் மேட்டைப் பார்த்து இருக்க வேண்டும். எஞ்சின் பின்னால் இருப்பதால், எதையும் மாட்டாத லோடருக்குக் கனம் பின்பக்கம். அதைப் பின்னோக்கியே ராம்ப்பில் (லாரிக்கு ஏற்றும் சாய்தளத்தில்) ஏற்றுங்கள், இறக்கும்போது முன்னோக்கி இறக்குங்கள். கனமான அட்டாச்மென்டை மாட்டியிருந்தால் கனம் முன்பக்கம் வந்துவிடும். அப்போது முன்னோக்கி ஏற்றி, பின்னோக்கி இறக்க வேண்டும். லோடரின் தூக்கும் கை தாழ்ந்தே இருக்கட்டும். ராம்ப்பில் திருப்பவே கூடாது. டிரைவர் பெல்ட் போட்டிருக்க வேண்டும், பக்கவாட்டில் ஒருவரும் நிற்கக்கூடாது.

அட்டாச்மென்டை மாட்டியதும் அதைப் பூட்டும் இரண்டு லீவரையும் தள்ளினால் போதாது. இறங்கிப் போய், கீழே இரண்டு பூட்டுப் பின்களும் ஓட்டையைத் தாண்டி வெளியே வந்திருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். ஒரு பின் மட்டும் பிடித்திருந்தால் வழியில் கழன்று விழும்.

லாரியில் லோடரை நான்கு மூலையிலும் செயின் போட்டு இறுக்குங்கள். கட்டரைத் தனியாக ஏற்றினால் அதற்கும் தனிச் செயின். அடியில் மரப்பலகை வையுங்கள், இரும்பின்மேல் இரும்பு வழுக்கும். பாடியைத் தாண்டி எதுவும் நீட்டக்கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 20,000 ரூபாய் அபராதம், சரக்கை இறக்கும் செலவும் சேரும்.

அப்புறம் ஹோஸ். கழற்றும் முன் எஞ்சினை நிறுத்தி, கையேட்டில் சொன்னபடி அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, ஹோஸை இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றுங்கள். இல்லையென்றால் வெயிலில் உள்ளே மாட்டிய ஆயில் விரிந்து, போய்ச்சேர்ந்த ஊரில் கப்ளிங் ஏறவே ஏறாது. சுத்தியலால் அடிக்காதீர்கள். ஈரச்சாக்கு போட்டு ஆறவிடுங்கள். முனைகளுக்கு மூடி போட்டுவையுங்கள், ஒரு சிட்டிகை மண் போதும் பம்ப்பைக் கெடுக்க. கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித்துளை வழியாகப் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்; விரலையே எடுக்க வேண்டிவரும். அட்டைத்துண்டை நீட்டிப் பாருங்கள்.

கட்டர் ஓடும்போது 300 அடிக்குள் ஒருவரும் இருக்கக்கூடாது. ஆடு மேய்க்கும் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள். அவர்களை விலக்க ஓர் ஆளை நிறுத்துங்கள், அவருக்கும் சம்பளம் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: கருவேல முள்ளால் டயர் அடிக்கடி பஞ்சர் ஆகிறது. என்ன செய்ய?

பதில்: டயருக்குள் காற்றுக்குப் பதில் ஃபோம் நிரப்புங்கள், அல்லது முழுக்க ரப்பரான சாலிட் டயர் போடுங்கள். இரண்டிலும் லோடரின் எடை கூடும். உங்கள் லாரி அதைத் தாங்குமா என்று முதலில் கணக்குப் பாருங்கள்.