உள்ளே வைக்கத் தந்த குளிசையை விழுங்கினால் என்ன?

கேள்வி: வெள்ளைபடுதலுக்குப் பெண்ணுறுப்பில் வைக்கும் குளிசை தந்திருக்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது. விழுங்கினால் வேலை செய்யாதா?

செய்யாது. இதில் எனக்கு அனுபவம் உண்டு.

கிளிநொச்சியில் இருந்தபோது எனக்கும் அரிப்பு, திரைந்த பால் போல வெள்ளை. பாமசிக்காரர் முகத்தைப் பார்க்காமல் "இரவில கீழ வையுங்கோ" என்றார். எங்கள் வீட்டில் கீழே வைக்கிற குளிசை என்றால் ஐயாவின் நெஞ்சுநோக் குளிசைதான், நாக்குக்குக் கீழே வைப்பார். நானும் அப்படியே வைத்தேன். மூன்று இரவும் வாயெல்லாம் மா! மகனுக்கு ஊசி போடக் கிளினிக் போனபோது மிட்வைஃப் அக்காவிடம் சொன்னேன். சிரிப்பை அடக்க அவ பட்ட பாட்டை இன்றும் மறக்கவில்லை.

அது க்ளோட்ரிமசோல், பூஞ்சையைக் கொல்லும் மருந்து. விழுங்கினால் ஈரல் அதை உடைத்துவிடும், பூஞ்சை இருக்கும் இடத்துக்குப் போதியளவு போய்ச் சேராது. உள்ளே வைத்தால் மருந்து அங்கேயே நிற்கும், இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. 500 மில்லிகிராம் என்றால் ஒரே இரவு, 200 என்றால் மூன்று, 100 என்றால் ஆறு.

படுக்கப் போகும்போது கையைக் கழுவி, மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து, விரல் போகுமளவு உள்ளே தள்ளுங்கள். காலையில் வெள்ளை மாவாகக் கொஞ்சம் வரும், பயப்படாதீர்கள். ஒரு பாட் வைத்துக்கொள்ளுங்கள். டெட்டோல், சவர்க்காரம் போட்டு உள்ளே கழுவ வேண்டாம். மாதவிடாய் நாட்களில் தொடங்க வேண்டாம். இந்த மருந்து ஆணுறையையும் பழுதாக்கும். கர்ப்பம், காய்ச்சல், அடிவயிற்று வலி, கெட்ட மணம் இருந்தால் முதலில் டொக்டரிடம் காட்டுங்கள். வெள்ளைபடுதல் எல்லாம் பூஞ்சையால் வருவதில்லை.

பிறகு ஒரு கரு கலைந்து, அடுத்தது தங்கியபோது இரத்தம் காட்டியது. கருவைத் தாங்கும் ஹோர்மோனான புரொஜெஸ்டரோன் தந்தார்கள், அதுவும் உள்ளே வைப்பது. விழுங்கினால் பெரும்பகுதியை ஈரல் அழித்துவிடும், உள்ளே வைத்தால் கருப்பைக்கு நேராகக் கிடைக்கும் என்று டொக்டர் விளக்கினார். அது மாக்குளிசை இல்லை, கொழுப்பில் செய்தது. உடம்புச் சூட்டில் உருகத்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் தகரக் கூரைக்குக் கீழே வன்னி வெயிலுக்கு உறைக்குள்ளேயே குழைந்துவிடும். எங்களிடம் பிரிட்ஜ் இல்லை. உறையைப் பிரிக்காமல் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி மண்பானைத் தண்ணீருக்குள் விட்டு வைத்தேன்.

தண்ணீர் அள்ள வந்த அம்மா பையைத் தூக்கிப் பிடித்து "இதென்ன பிள்ளை?" என்றா. சரி, இவ்வளவும் தெரிந்த எனக்கும் வாயில் வந்தது "கீழ வைக்கிற குளிசையம்மா" என்பதுதான்.