பொன்னா, பேரனா? பரணில் கிடைத்த சுவடியைப் படிப்பது எப்படி

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் பழைய வீட்டைப் பிரித்தபோது பரணில் 41 ஏடுகள் கொண்ட ஒரு சுவடிக் கட்டு கிடைத்தது. எழுத்து தமிழ் மாதிரி இருக்கிறது, ஆனால் ஒரு வரியும் படிக்க ஓடவில்லை. நடுநடுவே புரியாத குறிகள். ஊரில் ஒருவர், "இது புதையல் சங்கேதம், கடைசி ஏட்டில் பொன் என்றே இருக்கிறது" என்கிறார். படித்துத் தர ஐம்பதாயிரம் கேட்கிறார். என் மகனோ வாய்னிச் சுவடி மாதிரி என்கிறான். நாங்களே ஆராய முடியுமா? முதல் ஏட்டையும் கடைசி ஏட்டையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: முதலில் ஐம்பதாயிரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.

உங்கள் மகன் சொல்லும் வாய்னிச் சுவடி அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதன் தோல் தாள்கள் 1404-க்கும் 1438-க்கும் இடைப்பட்டவை என்று கார்பன் சோதனை சொல்கிறது. எழுத்தே எந்த மொழிக்கும் சொந்தமில்லாத எழுத்து. படித்துவிட்டேன் என்று கிளம்பியவர்கள் ஏராளம். ஆனால் ஒருவர் கொடுத்த திறவுகோலை வைத்து இன்னொருவர் வேறொரு பக்கத்தைப் படிக்க முடிந்ததில்லை. ஊர்க்காரரிடமும் இதையே கேளுங்கள். எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்று அட்டவணை போட்டுத் தரட்டும், அதை வைத்து உங்கள் மகன் இன்னொரு ஏட்டைப் படிக்கட்டும். கைபேசியில் இருக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் இதே பரீட்சைதான். அது சரளமாக ஒரு பாட்டே பாடிவிடும், நம்பிவிடாதீர்கள்.

உங்கள் ஏட்டில் ஓலை எழுத்து பழக்கமில்லாததுதான் சிக்கல். ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள். எழுத்தாணி குத்தினால் ஏடு பொத்துக்கொள்ளும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு, ஒகரமும் ஓகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, ரகரமும் காலும் ஒரே வடிவம். நீங்கள் அனுப்பிய முதல் ஏட்டின் இரண்டாம் வரியைப் பாருங்கள்: 'சுககுமிளகுதிபபிலி'. வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள், திரிகடுகு வந்துவிடும்.

நடுவே வரும் குறிகளும் ரகசியம் அல்ல. ௳ என்றால் நாள், ௴ மாதம், ௵ வருஷம், ௸ மேற்படி. ௰ பத்து, ௱ நூறு. மாகாணி (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) என்று பின்னங்களுக்கும் தனித்தனிக் குறி உண்டு. கணக்குப்பிள்ளைகள் தினமும் எழுதியவை இவை.

சரி, வேலையை எங்கே தொடங்குவது? கயிற்றை அவிழ்க்கும் முன் கட்டை நாலு பக்கமும் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு ஏடாக, இரண்டு பக்கமும், 82 படம். ஈரத்துணி ஆகாது, மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும். மை போன ஏட்டுக்கு டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் தாழப் பிடியுங்கள். எழுத்தாணிக் கீறலின் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். இடது ஓரத்தில் இருப்பது ஏட்டு எண். வரிசை கலைந்திருந்தால் அதை வைத்து அடுக்கலாம்.

அடுத்து, ஒரு நோட்டில் ஒவ்வொரு வடிவத்தையும் வரைந்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். 9-ம் நூற்றாண்டில் அல்-கிந்தி என்ற அரபு அறிஞர் எழுதிவைத்த உத்தி இது. தமிழுக்கு இது நன்றாகவே எடுபடும். புள்ளி இல்லாததால் கக, தத, பப என்று இரட்டைகள் வரிசையாக வரும்; 'ட'வுக்கு முன் 'ண', 'ப'வுக்கு முன் 'ம' அடிக்கடி நிற்கும்; 'ழ' இரட்டிக்கவே இரட்டிக்காது. இந்தச் சாயல் தெரிந்தால் அது வெறும் தமிழ்தான். தெரியாவிட்டாலும் உடனே சங்கேதம் என்று குதிக்க வேண்டாம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கமென்றால் தெலுங்காகவோ கன்னடமாகவோ இருக்கலாம். மந்திர நூலென்றால் கிரந்தம் கலந்திருக்கும்.

உண்மையான சங்கேத எழுத்து எப்படி இருக்கும் என்பதற்கு ஜெர்மனியின் கோப்பியாலே கையெழுத்துப் படியைச் சொல்லலாம். 105 பக்கம், சுமார் 75,000 எழுத்துகள், 18-ம் நூற்றாண்டு. ஆராய்ந்தவர்கள் முதலில் அதிலிருந்த ரோமன் எழுத்துகளோடுதான் மல்லுக்கட்டினார்கள். அவை சும்மா இடைவெளிக்காக வைத்த பொய் எழுத்துகள். செய்தி முழுக்க மற்ற குறிகளில் இருந்தது. 2011-ல் உடைந்தது. உள்ளே இருந்தது புதையல் இல்லை, ஒரு ரகசியச் சங்கத்தின் சடங்கு முறை. இன்னொன்று, பாரிஸ் தேசிய நூலகத்தில் இத்தாலியக் கடிதங்கள் என்று பட்டியலில் கிடந்த கட்டு. 2023-ல் படித்துப் பார்த்தால், ஸ்காட்லாந்து அரசி மேரி சிறையிலிருந்து எழுதிய பிரெஞ்சுக் கடிதங்கள். கட்டின் மேல் யாரோ எழுதிவைத்ததை நம்பினால் இதுதான் கதி. ஊர்ப் பேச்சும் அந்த வகைதான்.

நம் ஊர் ரகசியம் பெரும்பாலும் எழுத்தில் இருக்காது, சொல்லில் இருக்கும். நன்னூல் இதைக் குழூஉக்குறி என்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள். வைத்திய ஏட்டில் இது இன்னும் அதிகம், பரிபாஷை என்றே பெயர். 'குமரியை அறுத்து' என்று ஒரு வரி வந்தால் நரபலி என்று பதறாதீர்கள், குமரி என்றால் கற்றாழை. சூதம் பாதரசம், கெந்தி கந்தகம். படித்துப் புரிந்தாலும் இவை சேரும் மருந்தை வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

தடுமாறினால் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையிலோ படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். முதலில் படங்களைக் காட்டினால் போதும், ஏட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். விலைக்குக் கேட்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள். 75 ஆண்டு கடந்த மதிப்புள்ள சுவடி சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம்.

இப்போது அந்தப் 'பொன்'. கடைசி ஏட்டில் இருப்பது கொம்பு, ப, கால், ன, இந்த நாலு வடிவம்தான். கொம்பையும் காலையும் சேர்த்து ஒகரமாக எடுத்தால் பொன். காலை ரகரமாக எடுத்தால்? பேரன். அதற்கடுத்து 'எழுதின வாகடம' என்று தெளிவாகவே இருக்கிறது. வாகடம் என்றால் வைத்திய நூல். பொன் எங்கேயாவது வாகடம் எழுதுமா? முன்னால் 'வைததியன' என்ற சொல். அதற்கும் முன்னால் இருந்த பெயரைச் செல்லரித்துவிட்டது, 'பப' மட்டும் மிச்சம். ஏதோ ஓர் அப்ப வைத்தியன் பேரன் எழுதின வாகடம். கீழே 'விரோதி ௵'. விரோதி வருஷம் 1829, 1889, 1949-ல் வந்திருக்கிறது. வீட்டில் பழைய கிரயப் பத்திரம் ஏதாவது இருந்தால் எடுத்து, அப்பன் என்று முடியும் பெயர் யாருடையது என்று பாருங்கள். எந்த விரோதி என்பது அதில் தெரிந்துவிடும்.