போர்டை நிறுத்தியதும் பிள்ளைகள் முகம் வாடுகிறது, என்ன செய்ய?

ஏற்காட்டில் ஒன்றாம் வகுப்பு எடுக்கும் ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "ஸ்மார்ட் போர்டு வந்து நாலு மாதம் ஆகிறது. பாட்டு, கார்ட்டூன் போட்டால் பிள்ளைகள் குதிக்கிறார்கள். நிறுத்திவிட்டு நான் பேசினால் முகம் வாடிவிடுகிறது. மறுநாள் கேட்டால் பாட்டு நினைவிருக்கிறது, பாடம் இல்லை. எவ்வளவு நேரம் போடுவது சரி?"

நேரக் கணக்கு அப்புறம் இருக்கட்டும் டீச்சர். வீடியோ ஓடும்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? பல வகுப்புகளில் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நோட்டுத் திருத்துவதும் எமிஸ் என்ற பள்ளிக்கல்வித் துறை இணையதளத்தில் பதிவு போடுவதும் நடக்கிறது. வேலைப்பளு எனக்கும் தெரியும், குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளை சிரித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது அங்கே உங்கள் முகம் இல்லையென்றால் அந்தச் சிரிப்பு போர்டோடு போய்விடும், பாடத்தில் வந்து ஒட்டாது.

2003இல் அமெரிக்காவில் பாட்ரிசியா குல் என்ற ஆய்வாளரின் குழு ஒன்பது மாதக் குழந்தைகளை வைத்து ஒன்று பார்த்தது. சீன மொழி பேசுகிறவர் நேரில் உட்கார்ந்து விளையாட்டுக் காட்டிப் பேசியபோது குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியப் பழகிக்கொண்டன, அதையே வீடியோவில் ஓட்டியபோது பழகவில்லை. உங்கள் பிள்ளைகள் பெரியவர்கள், திரையிலிருந்தும் கற்பார்கள்தான். ஆனால் 2014இல் வந்த இன்னொரு ஆய்வையும் சேர்த்துப் பாருங்கள்: இரண்டு வயதுப் பிள்ளைகள் பதிவு செய்த வீடியோவில் பிடிக்காத புதுச் சொற்களை, வீடியோ அழைப்பில் ஒருவர் பதிலுக்குப் பதில் பேசியபோது பிடித்துக்கொண்டார்கள். இரண்டுமே திரைதான், ஒன்றில் எதிரே இருப்பவர் பிள்ளைக்குப் பதில் சொல்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

சேர்வராயன் மலையில் ஒரு பள்ளியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மார்கழி மாதம், காப்பிப் பழம் சிவந்திருக்கும் நேரம், ஒரு சின்னப் பெண் சட்டைப் பையில் நாலைந்து பழம் கொண்டு வந்திருந்தாள். டீச்சர் அன்றைக்குப் போட இருந்த வீடியோவை விட்டுவிட்டு, செல்போன் கேமராவை போர்டில் இணைத்து, அவளையே பழத்தைப் பிதுக்கச் சொன்னார். வழவழவென்று இரண்டு கொட்டை நழுவி விழுந்தது போர்டு முழுக்கத் தெரிந்ததும் வகுப்பே எழுந்து நின்றது. அடுத்த பழத்தில் ஒரே கொட்டை! "இன்னொண்ணு எங்க டீச்சர்?" என்று கேட்டது கடைசியில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்த பையன், அதுவரை வாயே திறக்காதவன். அப்புறம் எண்ணுவதும் கூட்டுவதும் அந்தக் கொட்டைகளை வைத்தே நடந்தது. போர்டை அணைத்த பிறகும் ஒரு முகம்கூட வாடவில்லை, ஏனென்றால் கொட்டை கையில் இருந்தது.

தினமும் இப்படி முடியாது, சரி. வீடியோ போடும் நாளில் பக்கத்திலேயே நின்று, இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள். வீடியோவின் பாடநூல் தமிழ் மலைக்கிராமத்துப் பிள்ளை காதில் அந்நியமாக விழும், நிறுத்தும்போது அவர்கள் வீட்டில் சொல்லும் சொல்லை நீங்கள் சொல்லுங்கள், அங்கேதான் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

வினாடி வினா விளையாட்டுகளில் தப்பான விடைக்கு வரும் அந்த 'டொய்ங்' சத்தத்தை மட்டும் தயவுசெய்து அணைத்துவிடுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு நாற்பது பேர் முன்னால் அது அவமானம், இரண்டு தடவை கேட்டால் மூன்றாம் தடவை கையைத் தூக்காது.

இந்த வாரம் ஒரே ஒரு வீடியோவில் இதைச் செய்து பாருங்கள். எந்தப் பிள்ளை முதலில் பேசியது, என்ன பேசியது என்று எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று அதை வைத்து யோசிப்போம்.