ராமநாதபுரம் கடலில் எந்த உயிரினத்தை முதலில் காப்பது?

கேள்வி: மண்டபம் பக்கம் எங்கள் சிறு குழுவுக்கு ஆண்டுக்கு 5 லட்சம்தான் தேறும். ஆவுளியா (கடற்பசு), ஆமை, கடல் அட்டை, வேளா சுறா (ரம்பம் போன்ற மூக்குள்ள மீன்) இவற்றில் எதை எடுத்துக்கொள்வது?

உயிரினங்களை வரிசைப்படுத்தாமல், செய்யப்போகும் வேலைகளை வரிசைப்படுத்துங்கள். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (IUCN) சிவப்புப் பட்டியல் எது அழியும் நிலையில் இருக்கிறது என்று சொல்லும். உங்கள் 5 லட்சம் எங்கே பலிக்கும் என்று சொல்லாது. உலக அளவில் ஆவுளியாவைவிட வேளா மோசமான நிலையில் இருக்கிறது. ஆனால் இந்தியக் கடல்களில் ஆவுளியா மிஞ்சியிருப்பதே சில நூறுதான்.

நியூசிலாந்தில் பயன்படும் வாய்பாடு ஒன்று இதற்கு உதவும்: முக்கியத்துவம் × பலன் × வெற்றி வாய்ப்பு, இதைச் செலவால் வகுக்க வேண்டும். பெரும்பாலும் தவறு நடப்பது 'பலன்' என்ற இடத்தில்தான். நீங்கள் இறங்கினால் அந்த இனம் பிழைக்கும் வாய்ப்பில் இருந்து, இறங்காவிட்டாலும் இருக்கும் வாய்ப்பைக் கழித்தால் வருவதுதான் பலன். தனுஷ்கோடிப் பக்கம் பங்குனி ஆமை முட்டைகளை வனத்துறை ஏற்கெனவே சேகரித்துப் பொரிக்க வைக்கிறது. அதில் நீங்களும் சேர்ந்தால் படம் நன்றாக வரும், பலன் சொற்பம்.

கணக்குக்காக ஒரு கற்பனை எண். முக்கியத்துவம் இரண்டுக்கும் 1 என்று வையுங்கள். முட்டைக் காப்பகம்: பலன் 0.03, வெற்றி 0.9, செலவு 2 லட்சம், விடை 0.0135. ஆவுளியா மேயும் கடல்புல் மேட்டில் திருக்கை மீன் பிடிக்கும் வலையை விடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை: பலன் 0.2, வெற்றி 0.5, செலவு 5 லட்சம், விடை 0.02. இரண்டாவதே முந்துகிறது. பேராமையும் (பச்சை ஆமை) அதே புல்லைத்தான் மேய்கிறது என்பதால் அதன் பலனையும் இதிலேயே கூட்டலாம்.

ஏன் திருக்கை வலை? ஆவுளியா சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். பெரிய கண் வலையைக் கடலடியில் விட்டுவிட்டு மறுநாள் எடுத்தால், சிக்கியது செத்துத்தான் கிடக்கும். கரையில் இருந்து இழுக்கும் கரைவலையில் மாட்டினால் கதை வேறு: உயிரோடு இருக்கும், திருப்பி விட்டுவிடலாம். 'விட்டால் ஊக்கத்தொகை' திட்டம் கரைவலைக்குப் பலிக்கும்; திருக்கை வலைக்கு வலை விடும் இடத்தை மாற்றினால்தான் உண்டு. 3 முதல் 7 ஆண்டுக்கு ஒரு குட்டி போடும் விலங்கு இது. வளர்ந்த ஒரு தாய் போனால் அந்த இடம் நிரம்பப் பல வருடம் ஆகும்.

வெற்றி வாய்ப்பை நீங்களாக 0.5 என்று எழுதிவிடாதீர்கள். ஊர்க்கமிட்டி ஒப்புக்கொண்டதா, திருக்கைப்பாடு குறைவதை யார் ஈடுகட்டுவது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் 0.2 போடுங்கள். அப்போது விடை 0.008 ஆகி, முட்டைக் காப்பகமே முந்திவிடும்.

கடல் அட்டை பிடிக்க 2001 முதலே தடை. கடத்தலைப் பிடிப்பது அரசின் வேலை. ஆனால் அட்டைகள் முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விடுபவை. அடர்த்தி குறைந்தால் பக்கத்தில் துணை இல்லாமல் கருவே உருவாகாது. அதனால் எண்ணிக்கை இருப்பதாலேயே பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது.

வேளாவுக்குத் தகவல் இல்லையென்று பலனில் 0 போடாதீர்கள். பெருக்கலில் எல்லாமே 0 ஆகிவிடும். தெரியாததற்குக் குறைந்த மதிப்பு, கூடிய மதிப்பு என இரண்டையும் போட்டு இருமுறை கணக்கிடுங்கள். வரிசை மாறினால், பணத்தை இறக்குவதற்கு முன் ஒரு பருவம் பாம்பன், தொண்டி இறங்குதளங்களில் பதிவெடுத்து அந்த எண்ணை முதலில் பிடியுங்கள்.